மேற்படி, மேற்படி

ஓசூர் சிப்காட்டில் ஒரு சிஎன்சி மெஷினை வாங்கி நிறுத்தப் பல லட்சம் ரூபாய் ஆகிறது. அதன் நினைவு மட்டும் மூன்று வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்றை நம்பியிருக்கிறது. இந்தப் பகுதிப் பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் ஃபேனக் கன்ட்ரோலரை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுகள் எவ்வளவு தூரம் போகலாம், எந்த டூலுக்கு எவ்வளவு ஆஃப்செட், மெஷினோடு காசு கொடுத்து வாங்கிய சிறப்பு வசதிகள் எவையெவை என்பதெல்லாம் எஸ்ரேம் என்கிற நினைவகத்தில் இருக்கும். கரண்ட் நின்றால் மறந்துவிடும் வகை அது. மெயினை அணைத்த பிறகும் அதை மறக்கவிடாமல் வைத்திருப்பதுதான் பேட்டரியின் வேலை. பேட்டரி இறங்கத் தொடங்கினால் திரையில் எச்சரிக்கை மினுக்கும். மெஷின் ஆனில் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். ஆபரேட்டர் கவனிக்காமல் விட்டு, இடையில் பொங்கல் விடுமுறையும் வந்துவிட்டால், திரும்பி வந்து மெயினைப் போடும்போது மெஷினுக்குத் தான் யாரென்றே தெரியாது.

“கார்டுல எடுத்து வெச்சிருக்கீங்களா?” என்பதுதான் அப்போது மெயின்டனன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி. மெமரி கார்டில் பாராமீட்டர் நகல் இருந்தால் அதை உள்ளே ஏற்றி அன்றைக்கே வேலையைத் தொடங்கலாம். இல்லாவிட்டால் மெஷின் கம்பெனியின் சர்வீஸ் எஞ்சினியருக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அதுவரை ஆர்டர் நிற்கும்.

ஆனால் பேக்கப் என்று சொன்னால் இந்த ஊரில் பெரும்பாலோர் நினைப்பது மெஷினை அல்ல, கணக்கு மென்பொருளான டேலியை. அதில் ஆச்சரியமில்லை. 1986-இல் கோயங்கா குடும்பத்துத் தந்தையும் மகனும் தொடங்கிய டேலி நிறுவனம் இருப்பது அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் வரும் பெங்களூரில். கணக்கர் மாலையில் டேலியை மூடும்முன் பென்டிரைவில் பேக்கப் எடுப்பது இங்கே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. மற்றவை அப்படியில்லை. 1980-களில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் ஓசூரில் ஊன்றியதிலிருந்து அவற்றைச் சுற்றி வளர்ந்த ஜாப் ஒர்க் பட்டறைகளின் அலுவலகக் கணினியைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் அனுப்பிய டிராயிங்குகள், முப்பரிமாண மாடல்கள், சிஎன்சி ப்ரோகிராம்கள், பாகத்தை அளந்த அறிக்கைகள், வாட்ஸாப்பில் வந்த ரிஜெக்‌ஷன் போட்டோக்கள் எல்லாம் ஒரே டி டிரைவில் குவிந்திருக்கும்.

வேண்டாததை அழித்துவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. வாகனத் தொழிலின் தரச் சான்றான ஐஏடிஎஃப் 16949, ஒரு பாகம் உற்பத்தியிலும் சர்வீஸிலும் இருக்கும் காலம் முழுவதும், அதற்கு மேல் ஓராண்டும் அதன் பதிவுகளை வைத்திருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டம் ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு 2022 ஆகஸ்டில் இன்னொன்றும் வந்தது: மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் அன்றாடம் வைக்க வேண்டும். அதற்கு முன்பு ‘அவ்வப்போது’ என்றிருந்தது ‘தினமும்’ ஆனது.

குவிந்ததை நகலெடுக்கப் போனால் டிஸ்க் கொள்ளவில்லை. உடனே யாரோ ஒருவர் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ஜிப் செய்கிறார். 9 ஜிபி 2 ஜிபி ஆகிறது. எல்லோருக்கும் நிம்மதி.

இந்த நிம்மதிக்குள் ஒரு முரண் இருக்கிறது. பேக்கப் எடுப்பது என்றால் ஒன்றாக இருப்பதை இரண்டாக்குவது. சுருக்குவது என்றால் இரண்டாக இருப்பதை ஒன்றாக்குவது. ஒன்று திரும்பச் சொல்கிறது, மற்றொன்று திரும்பச் சொன்னதை அடித்துப்போடுகிறது. இரண்டையும் ஒரே கோப்பில் செய்கிறோம். அது எப்படி முடிகிறது, எங்கே கடிக்கிறது என்று புரிய, ஜிப்பின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய கணக்குப் பதிவேட்டைப் புரட்டியவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. முதல் வரியில் ‘ஓசூர் வட்டம், பாகலூர் கிராமம்’ என்று முழுசாக எழுதிய கணக்குப்பிள்ளை, அடுத்த வரியில் ‘மேற்படி’ என்று மட்டும் எழுதுவார். அதற்கடுத்த வரியிலும் மேற்படி. படிப்பவர் கண்ணை மேலே ஓட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்து டெக்னியானில் பணியாற்றிய ஜேக்கப் ஸிவ், ஆப்ரகாம் லெம்பெல் இருவரும் 1977-இல் வெளியிட்ட முறையும் சாரத்தில் இதுதான். கணினியின் மேற்படி மட்டும் துல்லியமானது: ‘இத்தனை எழுத்து பின்னால் போ, அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்ற இரண்டு எண்கள். ஜிப் கோப்பில் வழக்கமாகப் பயன்படும் டிஃப்லேட் முறையில் 32,768 பைட் வரை பின்னால் போகலாம். ஒரே தடவையில் 3 முதல் 258 பைட் வரை எடுக்கலாம்.

இப்படிக் கிடைக்கும் எண்களையும் மிஞ்சிய எழுத்துகளையும் அடுத்த கட்டத்தில் இன்னொரு முறை பிழிகிறது ஜிப். அடிக்கடி வருவதற்குக் குட்டைக் குறியீடு, அரிதாக வருவதற்கு நீளக் குறியீடு. இதைச் செய்யும் சிறந்த வழியைக் கண்டவர் டேவிட் ஹஃப்மன். 1951-இல் எம்ஐடியில் பேராசிரியர் ராபர்ட் ஃபானோ தம் மாணவர்களிடம், தேர்வு எழுதலாம் அல்லது ஒரு கட்டுரை எழுதித் தரலாம் என்றார். தேர்வைத் தவிர்க்க நினைத்த ஹஃப்மன், ஃபானோவுக்கே பிடிபடாமல் இருந்த விடையோடு வந்தார். மறு ஆண்டு அது அச்சேறியது. இன்று உலகில் திறக்கப்படும் ஏறத்தாழ எல்லா ஜிப் கோப்பிலும் அந்த மாணவர் எழுதிய வீட்டுப்பாடம் இருக்கிறது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சுருக்கலால் கூடுதல் லாபம். ‘கிருஷ்ணகிரி’ என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கோ, கொக்கியும் சுழியும் புள்ளியும் தனித்தனியே சேர்ந்து பதினொரு குறிகள். இன்று பரவலாக உள்ள யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆக, ஊர்ப் பெயர் ஒன்றுக்கு 33 பைட்! அந்த மூன்றில் முதல் பைட் எந்தத் தமிழ்க் குறியானாலும் 224 என்ற எண்தான். இரண்டாவது 174 அல்லது 175, அதைத் தவிர வேறில்லை. மூன்றாவது பைட்தான் க-வா, ர-வா, கொக்கியா என்று சொல்கிறது. அதாவது 33 பைட்டில் 22 பைட் ஏறக்குறைய ‘நான் தமிழ், நான் தமிழ்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பவை. ஜிப்புக்கு இது விருந்து. மாங்கூழ் ஆலைக்குப் பழம் கொண்டுவரும் விவசாயிகளின் பெயரும் ஊரும் தமிழில் பதிவான பட்டியல் ஒன்றை ஜிப் செய்து பார்த்தால், அதே அளவு ஆங்கிலப் பட்டியலைவிட அது அதிக விகிதத்தில் இளைப்பதைக் காணலாம்.

சிஎன்சி ப்ரோகிராமும் அப்படித்தான். அதே ஜி-கோடு, அதே எக்ஸ், அதே இசட், கொஞ்சம் மாறும் எண்கள். முப்பரிமாண மாடல்களைப் பரிமாறப் பயன்படும் ஸ்டெப் கோப்பு, பார்ப்பதற்குச் சிக்கலான எஞ்சினியரிங் சமாசாரம் போலத் தோன்றினாலும், நோட்பேடில் திறந்தால் படிக்கக்கூடிய வெறும் எழுத்துதான். ‘கார்ட்டீஷியன் பாயிண்ட்’ என்ற சொல் ஆயிரக்கணக்கான வரிகளில் மீண்டும் மீண்டும் வரும். நான்கில், ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குவது அதற்குச் சாதாரணம்.

அதே ஃபோல்டரில் உள்ள போட்டோக்கள் ஏன் துளிகூட இளைப்பதில்லை? ஜேபெக் படமும் எம்பி4 வீடியோவும் பிறக்கும்போதே சுருக்கப்பட்டவை. அவற்றில் மேற்படி போட இடமே மிச்சமில்லை. சிசிடிவி பதிவை ஜிப் செய்வது வீண் வேலை. இன்னொன்று பலருக்குத் தெரியாது: 2007-க்குப் பிறகு வந்த எக்செல், வேர்டு கோப்புகளே உள்ளுக்குள் ஜிப்தான். பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே சின்னச் சின்னக் கோப்புகள் அடுக்கியிருப்பது தெரியும். ஜிப் செய்ததையே மறுபடி ஜிப் செய்து, பிறகு அதையும் ஜிப் செய்தால் கடைசியில் ஒரு பைட் ஆகிவிடாதா என்று கல்லூரி மாணவர்கள் கேட்பதுண்டு. ஆகாது என்பதற்கு விரல்விட்டு எண்ணும் நிரூபணம் இருக்கிறது. மூன்று பிட் நீளமுள்ள கோப்புகள் மொத்தம் எட்டு இருக்க முடியும். அதைவிடக் குட்டையானவை, வெற்றுக் கோப்பையும் சேர்த்து, 1+2+4 என ஏழுதான். எட்டுப் பேருக்கு ஏழு நாற்காலி. எந்த முறையைக் கண்டுபிடித்தாலும் ஏதாவது ஒரு கோப்பு சுருங்காமல் நின்றே தீரும். நீளம் எவ்வளவானாலும் கணக்கு இதேதான்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள விஷயம் கிடைக்கிறது. ஜிப் கோப்பின் அளவைப் பார்த்தே உள்ளே இருக்கும் டேட்டாவின் உடல்நிலையைச் சொல்லலாம். தினமும் 2 ஜிபி வந்த பேக்கப் ஒருநாள் திடீரென 9 ஜிபி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வீடியோ எதையும் யாரும் போடவில்லை. அப்படியானால் ரான்சம்வேர் புகுந்து கோப்புகளைப் பூட்டத் தொடங்கியிருக்கலாம். நன்றாகப் பூட்டப்பட்ட கோப்பு, தாறுமாறாக இறைத்த எண்களைப் போலவே தோற்றமளிக்கும், அதில் திரும்ப வருவது எதுவுமில்லை, எனவே சுருங்காது. மிரட்டல் செய்தி திரையில் வருவதற்கு முன்பே ஜிப்பின் பருமன் காட்டிக்கொடுத்துவிடும், யாராவது அதைப் பார்த்தால்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2017 ஜனவரி 31 இரவு, மென்பொருளாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், களைத்திருந்த ஒரு பொறியாளர் வேறு சர்வர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சில நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. தினசரி பேக்கப் இருக்கிறதே என்று தேடிப் போனால் அங்கே சில பைட் அளவுள்ள கோப்புகள்தான் கிடந்தன. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமல் போய், பல நாளாக அது ஒன்றையும் எடுக்காமலேயே முடிந்துகொண்டிருந்தது. ‘எடுக்கவில்லை’ என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச்சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த நகல் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்து வேலை போனது போனதுதான். இதையெல்லாம் அந்த நிறுவனமே ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டது. நம் ஊர் நிறுவனங்களிடமிருந்து அப்படி ஒரு அறிக்கையை எதிர்பார்க்க இன்னும் காலமாகும்.

ஆக, முடிந்த பேக்கப் கோப்பின் அளவை ஒரு நோட்டில் தினமும் எழுதி வருவது, விலையுயர்ந்த மென்பொருள் செய்யும் வேலையில் ஒரு பாதியைச் செய்துவிடும்.

இப்போது முரணுக்கு வருவோம். சுருக்காத எழுத்துக் கோப்பில் டிஸ்க் பழுதால் ஒரு பைட் கெட்டால் ஒரு எழுத்து தப்பாகத் தெரியும். ‘ஓசூர்’ என்பதில் ஒரு குறி போனால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். சுருக்கிய கோப்பில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே கெட்ட ஒரு பைட், ‘பின்னால் போய் எடுத்துக்கொள்’ என்ற கட்டளையின் நடுவில் இருக்கலாம். தப்பான இடத்திலிருந்து தப்பானதை எடுத்து வைக்கும். அதை நம்பி அடுத்த மேற்படி அதிலிருந்து எடுக்கும். குறியீடுகளும் ஒன்றோடொன்று இடைவெளியின்றி ஒட்டியிருப்பதால், ஓரிடத்தில் வழி தவறினால் எது எங்கே தொடங்குகிறது என்பதே குழம்பிவிடும். சிறுகச் சிறுக மிச்சம் பிடித்த ஒவ்வொரு பைட்டும், மீதியிருக்கும் பைட்டின் மீது சுமையை ஏற்றியிருக்கிறது.

எவ்வளவு கெடும் என்பது அடுக்கிய விதத்தைப் பொறுத்தது. 1989-இல் ஃபில் காட்ஸ் என்ற அமெரிக்க நிரலாளர் ஜிப் வடிவத்தைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்கிப் பக்கம் பக்கமாக வைத்தார். கடைசியில் ஓர் அட்டவணை. அதனால் நூறு டிராயிங் உள்ள ஜிப்பில் ஓரிடம் கெட்டால் பெரும்பாலும் ஒரு டிராயிங்தான் போகும். அட்டவணை வால் பக்கம் இருப்பதால் ஒரு தொந்தரவும் உண்டு: பென்டிரைவைப் பாதியில் பிடுங்கி வால் அறுந்துவிட்டால் முழு ஜிப்புமே ‘செல்லாது’ என்று மென்பொருள் கைவிரிக்கும். உள்ளே ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அதன் பெயர் தனியே எழுதியிருப்பதால், பழுதுபார்க்கும் கருவிகள் அப்போதும் பலவற்றை மீட்டுவிடும். காட்ஸ் இந்த வடிவத்தின் விவரங்களை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று வெளியிட்டார். 2000-இல் 37 வயதில் இறந்தார். முப்பது ஆண்டுக்கு முந்தைய ஜிப்பை இன்றைக்கும் எந்தக் கணினியிலும் திறக்க முடிகிறது என்றால் அதற்கு அவருடைய அந்த முடிவுதான் முக்கியக் காரணம்.

லினக்ஸ்காரர்கள் விரும்பும் டார்-ஜிஜிப் வேறு வழி. எல்லாக் கோப்பையும் முதலில் ஒரே நீளச் சரமாகக் கட்டி, பிறகு முழுச் சரத்தையும் சுருக்குவது. 7-ஜிப் மென்பொருளும் வழக்கமாகக் கோப்புகளைக் கூட்டாகச் சேர்த்தே பிழிகிறது. அதன் பார்வை 32 கேபியோடு நிற்காமல் பல மெகாபைட் பின்னோக்கிப் போகும். ஒரே பாகத்தின் பத்து ரெவிஷன் டிராயிங்குகள் இருந்தால், முதலாவதை முழுசாக எழுதி, மற்ற ஒன்பதையும் ஏறக்குறைய மேற்படி என்றே முடித்துவிடும். அளவில் ஜிப்பை எளிதாகத் தோற்கடிக்கும். ஆனால் முதல் ரெவிஷன் இருக்கும் இடத்தில் டிஸ்க் கெட்டால், பின்னால் வரும் ஒன்பதும் அதோடு போகலாம்.

இதனால் சிறு பட்டறைக்கு நான் சொல்வது சாதாரண ஜிப்பைத்தான். இரண்டு டெராபைட் டிஸ்க் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் காலத்தில், இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் பிடிப்பதற்காக எல்லா முட்டையையும் கரைத்து ஒரே ஆம்லெட்டாக ஊற்ற வேண்டியதில்லை. இணையத்தில் தினமும் மேலேற்றுபவர்களுக்குக் கணக்கு மாறும்: 100 ஜிபியை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஏற்ற 11 மணி நேரம் ஆகும், 40 ஜிபியாகச் சுருக்கினால் நாலரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இரவு ஷிப்ட் தொடங்கி விடிவதற்குள் முடியுமா முடியாதா என்பதே அங்கே கேள்வி.

கெட்டுவிட்டது என்பதையாவது ஜிப் சொல்லிவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி-32 என்ற நான்கு பைட் சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்தே வைக்கிறது. விரிக்கும்போது அதை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடும். தாறுமாறாகக் கெட்ட கோப்பு தற்செயலாக அதே எண்ணைக் கொடுக்கும் வாய்ப்பு சுமார் 430 கோடியில் ஒன்று. பெரும்பாலான ஜிப் மென்பொருள்களில் ‘டெஸ்ட்’ என்றொரு பொத்தான் இருக்கிறது. விரித்து வைக்காமலேயே இந்தச் சோதனையை முடித்துத் தரும். நகலெடுத்து முடிந்ததும், பென்டிரைவில் இருக்கும் நகல் மீது, கணினியில் இருக்கும் மூலத்தின் மீதல்ல, அதை ஓட்ட வேண்டும்.

ஆனால் சிஆர்சி திருத்தாது. திருத்துவதற்கு மறுபடியும் மிகையை, அதாவது திரும்பச் சொல்வதை, சேர்க்க வேண்டும். இங்கேதான் 1948-இல் தகவல் அனுப்புவது பற்றிக் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையின் முழு அழகு தெரிகிறது. சாதாரண ஆங்கில உரையில் ஏறக்குறைய பாதி மிகையே என்று அதில் மதிப்பிட்ட அதே ஷானன், இரைச்சல் உள்ள கம்பி வழியே பிழையில்லாமல் அனுப்பத் திட்டமிட்டு மிகையைச் சேர்க்கலாம் என்றும் அதிலேயே நிரூபித்தார். மொழியில் தானாக விழுந்து கிடக்கும் மிகையைக் களைந்துவிட்டு, கணக்குப் போட்டு வேறு மிகையைச் சேர்ப்பது. முன்னதைவிடப் பின்னது மிகக் குறைந்த இடத்தில் மிக அதிகமாகக் காக்கும்.

அப்படிச் சேர்க்கும் முறைகளில் புகழ்பெற்றது 1960-இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் இருவரும் தந்தது. சிடி தட்டில் கீறல் விழுந்தும் பாட்டு ஓடியது அதனால்தான். தேநீர்க் கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையின் ஒரு மூலையில் டீ தெறித்துக் கறையாகியிருந்தாலும் பணம் போய்ச்சேருவதும் அதனால்தான். க்யூஆரின் உச்சப் பாதுகாப்பு நிலையில் ஏறக்குறைய 30 விழுக்காடு வரை கெட்டாலும் மீண்டுவிடும். பேக்கப் கோப்புகளுக்கும் இது கிடைக்கிறது. ரார் மென்பொருளில் ‘ரெகவரி ரெக்கார்டு’ என்ற தேர்வு, ஜிப்போடு சேர்த்து வைக்கப் ‘பார்2’ என்ற துணைக் கோப்பு. ஐந்து விழுக்காடு இடம் கொடுத்தால், ஏறத்தாழ அந்த அளவுக்குக் கெட்டதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் தூங்கப்போகும் டிராயிங் தொகுப்புக்கு இது மிக மலிவான காப்பீடு.

அலமாரியே போய்விட்டால்? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மீது நின்று கொட்டியபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பதிவானது. பேருந்து நிலையப் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. கடலிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி, மேட்டு நிலத்தில் இருக்கிறோம் என்ற தைரியம் அன்றோடு போயிற்று. கணினிக்குப் பக்கத்து டிராயரில் கிடக்கும் பேக்கப் டிஸ்க்கும் கணினியும் அத்தகைய நாளில் ஒரே கதிதான். பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று எரிந்து சாம்பலானபோது, மூலத்தையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

ஓசூருக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. வடமேற்கே நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். தென்கிழக்கே மலையிறங்கினால் ஐம்பது கிலோமீட்டரில் கிருஷ்ணகிரி. முதலாளி ஒரு பக்கமும் மேனேஜர் மறு பக்கமும் தினமும் வீட்டுக்குப் போகிறார்கள். வாரம் ஒரு டிஸ்க் பையில் போய் வந்தால் போதும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடம் என்று புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதியை இந்த ஊர் மாநில எல்லை தாண்டியே நிறைவேற்றலாம்.

அந்த டிஸ்க் கணினியிலிருந்து கழற்றியிருப்பதில் இன்னொரு பலன், ரான்சம்வேருக்கு அது எட்டாது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் பூட்டப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் டேட்டா சிக்கிக்கொண்டது. ஓபி சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை கையால் எழுதினார்கள். ‘இ-ஹாஸ்பிட்டல்’ என்ற அதன் கணினி முறைமையின் தகவல் முழுவதையும், பாதிப்பு எட்டாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து மீட்டதாக அரசு பிறகு நாடாளுமன்றத்தில் சொன்னது. பேக்கப் இருந்தும், பெரும்பாலான பணிகள் பழைய நிலைக்கு வர இரண்டு வாரம் பிடித்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மீட்பதற்கு நேரமாகும் என்பதை ஏனோ யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஜிப்பை விரிப்பது சுருக்குவதைவிட வேகமானதுதான். சுருக்கும்போது முன்னால் எங்கே வந்திருக்கிறது என்று தேட வேண்டும், விரிக்கும்போது சொன்ன இடத்தில் எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் 500 ஜிபியை இணையத்திலிருந்து நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் இறக்க 22 மணி நேரம் ஆகும். இறக்கிய ஜிப்புக்கும் விரித்த கோப்புகளுக்கும் சேர்த்து டிஸ்க்கில் இடம் வேண்டும். பழைய பென்டிரைவ்கள் பல ஃபேட்32 முறையில் இருக்கும்; அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறவே ஏறாது, எத்தனை ஜிபி காலியாக இருந்தாலும். டேலி திறந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபோல்டரை ஜிப் செய்தால், பாதி பழைய நிலையிலும் பாதி புதிய நிலையிலும் உள்ள கலவை ஒன்று கிடைக்கும். சிஆர்சி அதைச் சரி என்றே சொல்லும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்குத் தனித் தொல்லை. பழைய ஜிப் வடிவத்தில் கோப்புப் பெயர்கள் அமெரிக்கக் கணினிகளின் 256 குறிகளுக்குள் அடங்க வேண்டும். ‘இந்தப் பெயர் யுடிஎஃப்-8’ என்று அறிவிக்கும் வசதி 2006-இல்தான் வரையறைக்குள் வந்தது. அதை மதிக்காத மென்பொருளில் விரித்தால் ‘ரோஜா ஏற்றுமதி மார்ச்’ என்ற கோப்பு பெட்டியும் கோடுமாக வந்து நிற்கும். உள்ளே கணக்கு பத்திரமாக இருக்கும்; எது எந்தக் கோப்பு என்றுதான் தெரியாது. பாஸ்வேர்டு போட்டவர்கள் இரண்டு விஷயம் நினைவில் வைக்க வேண்டும். ஜிப்பின் பழைய பூட்டு 1994-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. ஏஇஎஸ் என்ற தேர்வைக் கேட்டு வாங்க வேண்டும். அதைப் போட்டாலும் சாதாரண ஜிப்பில் கோப்புப் பெயர்கள் வெளியே தெரியும். பாஸ்வேர்டை அறிந்த ஒரே ஆள் வேலையை விட்டுப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அறிவியலில் பதில் இல்லை.

இத்தனைக்கும் ஒரே சோதனை, வேறொரு கணினியில் மீட்டுப் பார்ப்பதுதான். 2011 முதல் உலகெங்கும் மார்ச் 31-ஐ பேக்கப் நாளாகக் கொண்டாடுகிறார்கள். தேதியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்திய நிதியாண்டு பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. அன்று ஓசூரில் எந்தக் கணக்கரிடமாவது போய் பேக்கப் பற்றிப் பேசினால் நல்ல வார்த்தை கிடைக்காது. ஆடிட் முடிந்த பிறகு செய்வது நல்லது. அப்போது சென்ற ஆண்டின் டிரையல் பேலன்ஸ் ஆடிட்டர் கையெழுத்தோடு காகிதத்தில் இருக்கும், இனி மாறாது. பெங்களூர் வீட்டு டிஸ்க்கை எடுத்து, அந்த ஆண்டின் ஜிப்பை டேலி உள்ள இன்னொரு கணினியில் விரித்து ஏற்றி, அதன் டிரையல் பேலன்ஸைக் காகிதத்தோடு ஒப்பிடலாம். பைசா வரை பொருந்த வேண்டும். கூடவே மூன்று ஆண்டுக்கு முந்தைய ஒரு பாகத்தின் டிராயிங்கையும் ப்ரோகிராமையும் திறந்து பார்த்து, ஃபேனக் கார்டில் உள்ள பாராமீட்டர் கோப்பின் தேதி கடைசியாக மெஷினில் செய்த மாற்றத்துக்குப் பிந்தையதா என்று பார்த்துவிட்டால், அந்த ஆண்டுக்கு வேலை முடிந்தது.